சங்குக்கு ஒரு கோடு

வாரத்துக்கு ஒரு தாள் என்றிருந்ததை நாளுக்கு ஒரு தாள் என்று சொர்ணவல்லி மாற்றியபோது யாரையும் கேட்கவில்லை. மேனேஜருக்குத் தெரியவந்தபோது இரண்டு மாதம் ஓடியிருந்தது.

மானகிரி ரோட்டில் இருந்த அந்த ஆலையில் ரப்பர் குழாய் செய்தார்கள். பச்சை ரப்பரைக் குழாயாக இழுத்து, படுக்கைவாட்டில் கிடக்கும் பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளி, கதவைப் பன்னிரண்டு போல்ட்டு போட்டு முறுக்கி, உள்ளே நீராவியை விட்டு வேகவைப்பார்கள். அந்த உருளைகளுக்குக் கம்பெனிக் காகிதத்தில் ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. வேலை செய்கிறவர்களுக்கு அவை அண்டா. மொத்தம் மூன்று அண்டா.

ஒவ்வொரு அண்டாவுக்கும் எதிர்ச் சுவரில் ஒரு ரிக்கார்டர் உண்டு. கண்ணாடி போட்ட பெட்டி. அதற்குள் தோசைக்கல் அளவில், ஓரத்தில் மணிக்கணக்கு அச்சிட்ட ஒரு வட்டத்தாள், கடிகாரப் பொறியில் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். அண்டாவில் ஆவி ஏறினால் மைப்பேனா வெளிப்பக்கம் நகரும். இறங்கினால் நடுவுக்கு வரும். அது போகிற வழியெல்லாம் கோடு விழும். தாள் மாற்றுவதும், மை ஊற்றுவதும், பேனாவின் துளையைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்வதும், பழைய தாளை அடுக்கி வைப்பதும் சொர்ணவல்லியின் வேலை. செக்காலையில் பத்தர் வீட்டுப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். முப்பது வயது. அண்ணன் பட்டறையில் மயிரிழைத் தங்கக்கம்பியைப் பிடித்துப் பழகிய கை என்பதால் பேனாத் துளையெல்லாம் அவளுக்கு ஒரு வேலையே இல்லை.

1972-இல் வேலைக்குச் சேர்ந்தபோது அவளும் எல்லாரையும்போலத் திங்கட்கிழமை தாளை மாட்டி அடுத்த திங்கட்கிழமை கழற்றிக்கொண்டுதான் இருந்தாள். மறு வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், இரண்டாம் அண்டாவில் வெந்த குழாய்கள் அத்தனையும் பாதி வேக்காட்டில் வெளியே வந்தன. யார் ஷிப்ட்டில் ஆவி குறைந்தது என்று கேள்வி வந்தது. மேனேஜர் சேவுகன் அவளைத் தாளோடு வரச்சொன்னார். ஏழு நாள் ஒரே வட்டத்துக்குள் அடைந்து கிடந்த தாளில் ஒவ்வொரு வேக்காடும் ஒரு தடித்த மைத்தீற்றலாக இருந்தது. எது காலை ஷிப்ட், எது மாலை ஷிப்ட், எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, ஒன்றும் பிரிக்க முடியவில்லை. கடைசியாகக் கதவைத் திறந்தவன் யாரோ அவன் தப்பு என்று முடிவாயிற்று. அந்த ஆளுக்கு மூன்று நாள் வேலை இல்லை. வீட்டுக்குப் போனான்.

அவன் போகும்போது சொர்ணவல்லியைப் பார்த்துக் கேட்டான்: "என்னதான் தாயி எழுதி வச்சிருக்கு உன் தாளு?"

அவள் தாளைத் திரும்ப எடுத்துப்போய்த் தன் மேஜையில் விரித்துப் பார்த்தாள். எதையும் சொல்லாத தாளை அடுக்கி வைக்கவா எனக்குச் சம்பளம் என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் கருவிகளைப் பழுது பார்க்கும் பிட்டர் சோணைமுத்துவிடம் போனாள். "அண்ணே, இந்தப் பொறி வாரத்துக்கு ஒரு சுத்துத்தான் சுத்துமா?"

"பின்னால ஒரு நெம்பு இருக்கு. அங்குட்டுத் தள்ளுனா நாளுக்கு ஒரு சுத்து. கம்பெனிக்காரன் வச்சே அனுப்பியிருக்கான். அதுக்குத் தக்கன தாளு கூட ஸ்டோர்ல ரெண்டு பெட்டி கெடக்கு, பிரிக்காம."

"தள்ளி விடுங்க."

"மேனேஜர் சொல்லணும் சொர்ணம்."

"தள்ளக் கூடாதுன்னு சொல்லியிருக்காகளா?"

"சொல்லல."

"அப்பப் போதும்" என்றவள் முதுகுப் பலகையைத் தானே கழற்றி, நெம்பைத் தானே தள்ளினாள். சோணைமுத்து ஸ்குரூவைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றார்.

அடுத்த நாள் காலையில் எட்டு மணிக்குக் கழற்றிய தாளைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு வேக்காடும் தனித்தனியாக, மலை ஏறி இறங்கினாற்போல் நின்றது. ஆவியைத் திறந்தது, நிலைத்தது, வடிய விட்டது, கதவு திறந்தது, எல்லாம் விரல் வைத்துக் காட்டலாம்.

ஆனால் கோடு மட்டும் போதாது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டாள். ஆவி பத்தே காலுக்குக் குறைந்தது என்று தாள் சொல்லும். எதனால் குறைந்தது என்று சொல்லாது. அதைச் சொன்னது டெலிபோன். ஒன்றாம் அண்டாவுக்கும் இரண்டாம் அண்டாவுக்கும் நடுவில் தொங்கிய கறுப்புப் போனில் ஆபீஸிலிருந்தும் பாய்லரிலிருந்தும் நாள் முழுக்கச் சேதி வந்துகொண்டிருக்கும். ஆவியைக் கூட்டு, குறை, நிறுத்து, திற. வந்த சேதி காற்றோடு போய்விடும். ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கிப் போனுக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். பென்சிலைக் கயிற்றில் கட்டினாள். போனை எடுக்கிறவர் மணி பார்த்து, யார் பேசியது, என்ன சொன்னது என்று எழுத வேண்டும்.

"பள்ளிக்கூடத்துல கூட நான் இம்புட்டு எழுதுனதில்லையே தாயி" என்றார் இரண்டாம் அண்டாவின் சின்னக்கருப்பு. நாற்பது வயது, ஒக்கூர்க்காரர். முழங்கை வரைக்கும் ஆவி பட்ட பழைய தழும்புகள்.

"ஒத்தை வரி எழுதுனாப் போதும்ண்ணே. நாளைக்கு யாராச்சும் உங்களைக் கேட்டா நீங்க பேச வேண்டாம். நோட்டுப் பேசும்."

அவர் எழுதினார். எழுத்து கோணலாக இருக்கும். ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை. மற்றவர்களும் பழகிக்கொண்டார்கள்.

பிறகு இன்னொரு சங்கடம் வந்தது. நோட்டில் எழுதுவது சுவர்க்கடிகாரத்து மணி. தாள் சுற்றுவது ரிக்கார்டரின் சொந்தப் பொறியில். இரண்டும் ஒத்துப்போனால்தானே சேதியையும் கோட்டையும் சேர்த்துப் படிக்க முடியும்? இரண்டாம் அண்டாவின் பொறியில் சுருள் தளர்ந்திருந்தது. காலையில் சரியாக வைத்தாலும் சாயங்காலத்துக்குள் பத்து நிமிஷம் பின்தங்கிவிடும். புதுச் சுருள் வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். வரவில்லை. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆலைச் சங்கு பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நாலரைக்கும் ஊதும். ஊதியதும் மூன்று ரிக்கார்டருக்கும் போய்ப் பேனாவை விரல்நுனியால் ஒரு தட்டுத் தட்டுவாள். தாளில் குறுக்கே ஒரு சின்னக் கோடு விழும். அந்தக் கோடு தாளில் எந்த மணியில் நின்றாலும் சரி, அதுதான் சங்கு ஊதிய நேரம். பொறி எத்தனை நிமிஷம் பொய் சொல்கிறது என்று அந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்டோரில் இருந்த இரண்டு பெட்டியும் தீர்ந்து, புதுத் தாள் கேட்டு அவள் எழுதியபோதுதான் சேவுகன் அவளைக் கூப்பிட்டார். நல்ல வெள்ளைச் சட்டை போடுகிறவர்; குரலை உயர்த்தமாட்டார்.

"யாரைக் கேட்டு மாத்துன?"

"மாத்தக் கூடாதுன்னு உத்தரவு இல்லை சார்."

"வாரத்துக்கு ஒண்ணு ஆகுற எடத்துல ஏழு தாளு. நோட்டு வேற தொங்குது. இது ஆலையா, தாலுகா கச்சேரியா?"

"போன மாசத்துல இருந்து ஒரு அண்டா கூட அரைவேக்காடு வரலை சார். தாளைப் பாத்து முன்னாலேயே சொல்லிடுறோம்."

அது உண்மை, அவருக்கும் தெரியும். அதனால் தாளை நிறுத்தவில்லை. "சரி, இருக்கட்டும். ஆனா ஒரு வாரத்துக்கு மேல எதையும் வச்சிருக்காத. தாளு, நோட்டு, எல்லாத்தையும் பாய்லர்ல போட்டு எரிச்சுரு. குப்பை சேரும். கண்டவன் வந்து பாப்பான்."

"எழுத்துல குடுங்க சார். எரிச்சுருறேன்."

சேவுகன் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நான் வாயால சொன்னாப் பத்தாதா?"

"எரிச்சது திரும்பி வராது சார். நாளைக்கு ஏன் எரிச்சன்னு என்னைத்தான கேப்பாக?"

அவர் எழுதித் தரவில்லை. அவள் எரிக்கவில்லை. நாள்வாரியாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் அந்த வாரத்து நோட்டுத் தாள்களை மேலே வைத்து, தன் அறையில் இருந்த தகரப் பெட்டிகளில் அடுக்கினாள். பெட்டி நிறைந்தால் காலி மைப்பெட்டி. அதுவும் நிறைந்தால் மேஜைக்கு அடியில்.

*

1974 மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. மூன்று மணி தாண்டியிருக்கும். சொர்ணவல்லி அறையில் உட்கார்ந்து பேனாமுனைகளை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். வெடிச்சத்தம் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். அவள் காதுக்கு அது ஒரு பெருமூச்சுப்போலத்தான் கேட்டது; கட்டடம் முழுக்க ஒரே தடவையில் மூச்சை வெளியே விட்டதுபோல. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஓடிப் போனாள்.

கூடம் முழுக்க வெள்ளை ஆவி. இரண்டாம் அண்டாவின் கதவு ஒரே கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரோரம் சின்னக்கருப்பு கிடந்தார். இடது கையும் முகத்தின் ஒரு பக்கமும் வெந்து போயிருந்தன. சோணைமுத்தும் இன்னும் நாலு பேரும் கோணிப்பையில் தூக்கிக் கம்பெனி வேனில் ஏற்றினார்கள். சொர்ணவல்லி அவர் தலையைத் தாங்கிக்கொண்டு வேன் வரைக்கும் போனாள். அவர் முனகவில்லை. "சொன்னேனே, சொன்னேனே" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

வேன் போன பிறகு யாருக்கும் வேலை ஓடவில்லை. ஆங்காங்கே கும்பலாக நின்றார்கள். நாலரைக்குச் சங்கு ஊதியது. சொர்ணவல்லி எழுந்து போய் ஒன்றாம் ரிக்கார்டரைத் தட்டினாள். இரண்டாம் ரிக்கார்டரின் கண்ணாடியில் விரிசல் விழுந்திருந்தது. உள்ளே தாள் மட்டும் எதுவும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது. பேனா பூச்சியத்தில் நின்றது. அதையும் தட்டினாள்.

"மனுசன் வெந்து போயிக் கெடக்கான். இவளுக்குக் கோடு போடுற வேலை" என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் மூன்றாவதுக்கு நடந்தாள்.

ஆறு மணிக்குள் சேவுகன் ஆள் அனுப்பினார். அன்றைய தாளும் நோட்டும் வேண்டும். அவள் தானே எடுத்துக்கொண்டு போனாள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டினாள்: இன்ன தேதி, இரண்டாம் அண்டாவின் தாள் ஒன்று, சேதி நோட்டு ஒன்று, மாலை ஐந்து ஐம்பதுக்குப் பெற்றுக்கொண்டேன்.

"இப்பப் போயி இதுல கையெழுத்துக் கேக்குறியா?"

"இப்பத்தான் சார் கேக்கணும்."

சுற்றி நாலு பேர் நின்றதால் அவர் போட்டார்.

நோட்டின் கடைசி வரியை அவள் கொடுக்கும் முன்பே படித்திருந்தாள். சின்னக்கருப்பின் கோணல் எழுத்து: 3.05 ஆபீஸ். ஆவி இருக்குன்னேன். லாரி நிக்கிது, இப்பவே தொறன்னாக.

ஆவி முழுக்க வடிய இருபத்தைந்து நிமிஷம் வேண்டும். தாளில் பார்த்தால் வடியத் தொடங்கி ஒன்பதாவது நிமிஷத்தில் கோடு செங்குத்தாகப் பூச்சியத்துக்கு விழுந்திருந்தது. கடைசி போல்ட்டுகளைத் தளர்த்தும்போது கதவு பிய்த்துக்கொண்டிருக்கிறது.

*

இருபது நாள் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, சின்னக்கருப்பு ஒக்கூருக்கு வந்துவிட்டதாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சொர்ணவல்லியும் சோணைமுத்தும் பஸ் ஏறிப் போனார்கள்.

இடது கண் போயிருந்தது. கையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு கட்டியிருந்தார்கள். அவர் மனைவி புஷ்பவள்ளி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "நேத்து ஆபீஸ்ல இருந்து வந்தாக. இதுல கையெழுத்துப் போட்டா ஆலைக் கேட்டுல வாச்மேன் வேலை தாராகளாம். போடலைன்னா விசாரணை வச்சு வேலைய விட்டே தூக்கிருவாகளாம். என்னமோ எழுதியிருக்கு, படிங்க."

சொர்ணவல்லி படித்தாள். அழுத்தம் இறங்குமுன் யாருடைய உத்தரவும் இல்லாமல், என்னுடைய கவனக்குறைவால் கதவைத் திறந்துவிட்டேன் என்று இருந்தது.

"போடாதீக அண்ணே."

புஷ்பவள்ளிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீ லேசாச் சொல்லிட்டுப் போயிருவ. மூணு புள்ளைகளை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? ஒரு கையி, ஒரு கண்ணு. இனி யாரு வேலை குடுப்பா இவுகளுக்கு?"

"மதினி, அண்ணன் சொல்லாமத் தொறக்கலை. அது நோட்டுல இருக்கு."

"நோட்டு அவுக கையில இருக்கு."

சின்னக்கருப்பு ஒற்றைக் கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

"நான் போன்ல சொன்னேன் புஷ்பம். ஆவி இருக்குன்னு சொன்னேன். 'எனக்குத் தெரியும், நீ தொற'ன்னாக. தெரிஞ்சு தொறக்கச் சொன்னவுக சும்மா இருக்க, தெரியாமத் தொறந்தேன்னு நான் எழுதிக் குடுக்கணுமா? பதினாறு வருசமா அந்தக் கதவைத் தொறக்கேன். கவனமில்லாதவன்னு என் கையாலேயே எழுதுனா, அப்பறம் அந்தக் கை எதுக்கு?"

புஷ்பவள்ளி காகிதத்தை அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, அதை எடுத்து நாலாக மடித்து அடுப்பில் போட்டாள். "அப்ப விசாரணைக்கே போங்க" என்றாள்.

*

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் மதுரையிலிருந்து வந்தார். ஒல்லியான மனிதர்; பேசுவது குறைவு. ஆபீஸ் கூடத்தில் மேஜை போட்டு விசாரணை நடந்தது. சேவுகன் தாளையும் நோட்டையும் தானே கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது சொர்ணவல்லிக்கு ஆச்சரியமாக இருந்தது. மறைத்துவிடுவார் என்று நினைத்திருந்தாள். ஏன் வைத்தார் என்பது அவர் பேசத் தொடங்கியதும் புரிந்தது.

"ஆபீஸ்ல இருந்து யாரும் போன் பண்ணலை. இந்த நோட்டுல மூணு அஞ்சுக்குச் சேதி வந்ததா எழுதியிருக்கு. ரிக்கார்டர் தாளைப் பாருங்க. அழுத்தம் விழுந்தது ரெண்டு அம்பத்தெட்டு. கதவு வெடிச்சுக் கீழ விழுந்த ஆளு, ஏழு நிமிஷம் கழிச்சு எந்திரிச்சு வந்து நோட்டுல எழுதுனாரா?" குரலை உயர்த்தாமலே சொன்னார். "இந்த வரி பின்னால எழுதுனது. நோட்டு யாரு பொறுப்புல இருந்துச்சோ அவுக எழுதுனது. இந்தம்மா ரிக்கார்டு விசயத்துல என் பேச்சைக் கேக்காம நடக்குறது ஆலைக்கே தெரியும்."

கூடத்தில் இருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். பொய் எழுதினாள் என்று ஒருவர் அவளைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தத் தாளை வைத்தே தன்னை அடிக்கிறாரே என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம், அந்தத் தாளில் என்னவெல்லாம் இருக்கிறது என்று இவருக்குத் தெரியாது என்பது உறைத்தது. ஒரு நாளும் அவர் கிட்டே வந்து பார்த்ததில்லை.

"நான் பேசலாமா சார்?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டாள்.

"சொல்லுங்க."

"தாளுல குறுக்கால சின்னக் கோடு மூணு இருக்கும். பாருங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இருக்கு."

"அது நான் தட்டுனது. பன்னெண்டு மணிச் சங்குக்கு ஒண்ணு, ஒரு மணிக்கு ஒண்ணு, நாலரைக்கு ஒண்ணு. தாளுல அது எத்தனை மணியில நிக்கிதுன்னு சொல்லுங்க சார்."

அவர் ஸ்கேலை வைத்தார். "முதலாவது பதினொண்ணு அம்பத்தஞ்சு. கடைசி..." தாளைத் திருப்பினார். "நாலு பத்தொன்பது."

"காலையில எட்டு மணிக்குச் சரியா வச்சது. பன்னெண்டுக்கு அஞ்சு நிமிசம் பின்னால. நாலரைக்குப் பதினோரு நிமிசம் பின்னால. மூணு மணிக்கு எத்தனை பின்னால இருந்திருக்கும்னு நீங்களே போடுங்க சார்."

இன்ஸ்பெக்டர் காகிதத்தில் கூட்டிக் கழித்தார்.

"ஒன்பது நிமிஷம்" என்றார். "அப்போ அழுத்தம் விழுந்தது மூணு ஏழுக்கு. சேதி வந்து ரெண்டு நிமிஷத்துல."

சேவுகன் முன்னால் சாய்ந்தார். "அந்தக் கோட்டையும் பின்னால போட்டிருக்கலாமே?"

"அன்னைக்கு அஞ்சு அம்பதுல இருந்து தாளு உங்ககிட்டத்தான் சார் இருக்கு" என்று சொல்லி, அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மேஜையில் வைத்தாள். "அதுக்கு முன்னாலேயே நான் போட்டிருப்பேன்னு நெனைச்சா, அதுக்கும் வழி இருக்கு. பழைய தாளு எல்லாம் என் அறையில இருக்கு. அஞ்சு மாசத்துத் தாளு. தினமும் மூணு கோடு. ரெண்டாம் அண்டாவோட பொறி தினமும் இதே மாதிரிப் பின்னால ஓடுறது எல்லாத்துலயும் தெரியும். நாளைக்கு விபத்து வரப்போகுதுன்னு அஞ்சு மாசமா யாரும் பொய்க் கோடு போட முடியாது."

"எரிக்கச் சொன்னேனே" என்று சேவுகன் வாயிலிருந்து வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "எதை எரிக்கச் சொன்னீங்க?"

பிறகு அந்தப் பழைய தாள்களைக் கொண்டுவரச் சொன்னார்.

பெட்டிகள் வந்தன. சோணைமுத்து தலையில் சுமந்து வந்து இறக்கினார். இன்ஸ்பெக்டர் அவரைக் கேட்டார்: "பொறி பின்தங்குறது உங்களுக்குத் தெரியுமா?"

சோணைமுத்து மேனேஜரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பயந்த மனிதர், சொர்ணவல்லி அவரிடமிருந்து பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர், "தெரியும் சார். புதுச் சுருளு கேட்டு மூணு தடவை எழுதுன கடுதாசி ஆபீஸ்லதான் இருக்கணும். மூணுலயும் என் கையெழுத்தும் இருக்கு" என்றார். சொல்லிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் அன்று சாயங்காலம் வரைக்கும் தாள்களைப் பிரித்துப் பார்த்தார். ஏழெட்டுத் தாள்களில், நோட்டில் ஆபீஸ் அவசரப்படுத்திய நாளாகப் பார்த்து, கோடு சீக்கிரமாகச் செங்குத்தாக விழுந்திருந்தது. அன்றெல்லாம் கதவு தாங்கியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

*

சின்னக்கருப்பின் மேல் போட்ட குற்றச்சாட்டு நின்றுபோயிற்று. நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சேவுகன் மேல் வழக்குப் போட்டார்கள். அவர் ஆடி மாதத்துக்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால் சொர்ணவல்லிக்கு ஒரு மெமோ கொடுத்தார்: வாய்மொழி உத்தரவை மீறிப் பழைய ரிக்கார்டுகளை வைத்திருந்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? அவள் ஒரே வரியில் பதில் எழுதினாள். மீறினேன், மறுபடியும் மீறுவேன். அந்தப் பதிலை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஆபீஸில் கோப்புக்குள் வைத்துவிட்டார்கள்.

இனி மூன்று அண்டாவுக்கும் நாளுக்கு ஒரு தாள்தான். சேதி நோட்டையும் சேர்த்து மூன்று வருஷம் பத்திரப்படுத்த வேண்டும் என்று இன்ஸ்பெக்டரின் உத்தரவில் இருந்தது. புதுச் சுருளும் வந்தது. அதன் பிறகும் அவள் சங்குக்குத் தட்டுவதை விடவில்லை. புது மேனேஜர் காரணம் கேட்டார். "புதுசும் ஒரு நாளைக்குப் பழசாகும் சார்" என்றாள்.

சின்னக்கருப்பு ஆவணியில் வேலைக்குத் திரும்பினார். வாச்மேன் வேலை தயாராக இருந்தது. நாற்காலி கூடப் போட்டிருந்தார்கள். அவர் அதில் உட்காரவில்லை. நேராக இரண்டாம் அண்டாவுக்கு வந்து நின்றார். கை பாதிதான் மடங்கியது. "போல்ட்டு முறுக்க வேற ஆளைப் போடுங்க. எப்பத் தொறக்கிறதுன்னு நான் சொல்றேன்" என்றார். மூன்று நாள் பேச்சு நடந்தது. நாலாவது நாள் விட்டுவிட்டார்கள்.

அந்த வாரமே ஒரு காலைவேளையில் போன் அடித்தது. ரிக்கார்டரில் மை ஊற்றிக்கொண்டிருந்த சொர்ணவல்லிதான் எடுத்தாள். ஆபீஸில் புதிதாக வந்த ஒருவர் பேசினார். லாரி வந்துவிட்டதாம், இரண்டாம் அண்டாவைத் திறக்கச் சொன்னார்.

அவள் வாய்ப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு சின்னக்கருப்பிடம் சொன்னாள்.

அவர் கதவின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. "பேனா எங்கிட்டு நிக்கிது?"

"இன்னும் பதினஞ்சு நிமிசம் ஆகும் அண்ணே."

"அப்ப முடியாதுன்னு சொல்லு."

அவள் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் ஏதோ சத்தமாக வந்தது. "தொறக்க முடியாது சார். உங்க பேரு சொல்லுங்க, எழுதணும்" என்றாள். போன் வைக்கப்பட்டது.

கயிற்றில் தொங்கிய பென்சிலைப் பிடித்து, மணி பார்த்து எழுதினாள்: 11.20 ஆபீஸ். தொறக்கச் சொன்னாக. முடியாதுன்னு சொல்லியாச்சு.

"நல்லாப் பெருசா எழுது தாயி" என்றார் சின்னக்கருப்பு.